பேருந்துப் படத்துக்குள் ஒரு பக்கம்

"டீச்சர், பக்கம் இன்னிக்குத் தொள்ளாயிரத்துப் பன்னெண்டு பைட்டுங்க!"

வணக்கத்துக்குப் பதில் எண்ணிக்கை சொல்லிக்கொண்டுதான் நல்லபெருமாள் வகுப்புக்குள் வருவார்.

முப்பது வருஷம் மலைப் பேருந்தில் நடத்துநர். மலை ஊர்களில் செல்பேசிக்கு ஒரு கோடு சிக்னல் வந்தாலே பெரிது. அதிலும் திறக்கும்படி பேருந்து நேரங்களை வலைப்பக்கமாகப் போட்டுத் தருவதாக அங்கே வாக்குக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை நேரம் மாறுகிறது. இன்று சனி.

இதற்காகத்தான் தன்னைவிட இருபது வயது இளையவளான தமயந்தியிடம் கணினி படிக்க வந்தார். பைட் குறையக் குறையப் பக்கம் சீக்கிரம் திறக்கும் என்று தெரிந்ததும், வந்த எட்டு மாதத்தில் பக்கத்தைச் சுருக்கும் பைத்தியம் தலைக்கேறிவிட்டது.

"அதுமட்டுமில்லீங்க. படமாத் தொறந்தா நான் வேலை பாத்த பழைய பஸ்ஸு. பக்கமாத் தொறந்தா நேரப் பட்டியல். ரெண்டும் ஒரே கோப்பு! போனுக்கு அனுப்பிட்டு, கம்ப்யூட்டர்ல இருந்ததையெல்லாம் தொடச்சுப்போட்டேன். உலகத்துலயே இது ஒண்ணுதான்."

தமயந்தி செல்பேசியை வாங்கிக் கோப்பைத் தன் கணினியில் திறந்தாள். பேருந்து வந்தது. பக்கமாகத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"படம் நல்லாருக்குங்கண்ணா."

"நேரம்?"

"போனுக்கு அனுப்புனீங்கல்ல, அந்தச் செயலி இதை வெறும் படம்னு நினைச்சிருச்சு. படத்துக்கு வேணுங்கிறதை வெச்சுக்கிட்டு, மிச்சத்தை வெட்டிருச்சு."

"என்னையே சுருக்கிப்போட்டுச்சா!"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட மனுஷன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. மலைக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

தமயந்தி விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள்.

"என்ன ஞாபகமிருக்கு?"

"தந்திரம் ஒண்ணும் ஞாபகமில்லீங்க. பஸ் நேரந்தான் இருக்குது."

"அதை எழுதுங்க."

அவள் டீ போடப் போனாள். திரும்பி வந்தபோது, நல்லபெருமாள் பக்கத்தை எழுதி வலையில் ஏற்றிவிட்டு, மலையில் டீக்கடை நடத்தும் மாதம்மாவைப் போனில் பிடித்திருந்தார்.

"தொறந்துருச்சுங்க," மாதம்மாவின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. "ஆஸ்பத்திரி பஸ்ஸு இனி ஆறே காலுக்கா? நல்லவேளை. ஏழுக்குன்னு நெனச்சு நின்னுருப்பேன்."

"ஆறே கால், தாயி. அஞ்சு நிமிசம் முன்னாடியே வந்து நில்லுங்க."

போனை வைத்துவிட்டு டீயை எடுத்து நிதானமாக ஆற்றினார்.

"எத்தனை பைட்டுங்கண்ணா?" என்று கேட்டாள் தமயந்தி.

நல்லபெருமாள் டீயை அப்படியே பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அட, எண்ணவே இல்லீங்க டீச்சர்."