ஓட்டையில்லாத சிஸ்டம்

தூத்துக்குடியில் ரெஜினா டீச்சர் தன் வீட்டு மாடியில் நெட்வொர்க் வேலை கற்றுக்கொடுத்து வந்தார். அவரிடம் படித்தவர்களில் மூத்தவர் தங்கமாரியப்பன், பாத்திரக்கடைக்காரர். டீச்சரைவிட வயதில் ரொம்பப் பெரியவர் என்பதால் டீச்சர் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்.

இந்த வயதில் அவர் எதற்குப் படிக்க வந்தார் என்று டீச்சருக்குத் தெரியும்.

அவர் மனைவி செல்லக்கனிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. கடையில் இருந்தபடியே அவளைக் கவனித்துக்கொள்ள, கட்டிலுக்கு எதிரே அண்ணாச்சி ஒரு கேமரா மாட்டினார். வீட்டு ரவுட்டர் பழசு. அதைச் செய்த கம்பெனி அப்டேட் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. அந்த வழியாக எவனோ கேமராவுக்குள் நுழைந்தான். வீட்டுக்கு வரும் நர்ஸ், செல்லக்கனிக்கு உடம்பு துடைத்துவிடும் காட்சி ஊரெல்லாம் போனில் சுற்றியது. பக்கத்து வீட்டுப் பெண்தான் அழுதுகொண்டே வந்து சொன்னாள். புகார் கொடுத்தும் ஆள் அகப்படவில்லை.

அதன்பிறகு செல்லக்கனி யாரையும் தன்னைத் தொட விடவில்லை. முதுகில் புண் வந்துவிட்டது.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. அவர் மடியில் புது ரவுட்டர் ஒன்று இருந்தது.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதுல எந்த சிஸ்டத்தப் போட்டா ஒருத்தனும் உள்ள வர முடியாது?"

டீச்சர் ரவுட்டரை வாங்கித் தன் கம்ப்யூட்டரோடு இணைத்தார். கம்பெனி போட்டு அனுப்பியிருந்ததை அழித்தார். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கும் சிஸ்டத்தை ஏற்றினார். அதில் தேவையில்லாமல் திறந்திருந்த இணைப்பு வாசல்களை மூடினார். பாஸ்வேர்டை மாற்றினார்.

"எனக்குத் தெரிஞ்சதுல இதுதான் நல்லது, அண்ணாச்சி."

"இனிமே எவனும் வர மாட்டானா?"

"இன்னைக்குத் தெரிஞ்ச ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு. நாளைக்குத் தெரியப்போற ஓட்டையும் இதுக்குள்ளதான் இருக்கு."

"அப்போ ஓட்டையே இல்லாத சிஸ்டம்?"

"இல்ல."

"என்ன விலைன்னாலும் சரி, டீச்சர்."

"கிடையாது. ஓட்டை தெரிஞ்சா மறைக்காம சொல்றவங்க செஞ்சதா பாத்து எடுக்கலாம். அவங்க சொன்ன உடனே நாம அடைக்கணும். அடைச்சுக்கிட்டே இருக்கணும். நம்மால ஆகுறது அவ்வளவுதான்."

அண்ணாச்சி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"கேமராவ அன்னைக்கே கழட்டி எறிஞ்சிட்டேன். ஆனாலும் போர்வைய கழுத்து வரைக்கும் இழுத்துக்கிடுதா. நர்ஸப் பாத்து மட்டும் இல்ல, என்னப் பாத்தாலும் அப்படித்தான். 'இனி பயமில்ல, செல்லம்'னு அவகிட்ட ஒரு தடவ சொல்லணும் டீச்சர். அதுக்குத்தான் இதெல்லாம் படிச்சேன். இப்போ நான் என்னன்னு சொல்லுவேன்? அவனுகளுக்கு அவ என்ன பாவம் செஞ்சா?"

டீச்சர் ரவுட்டரைக் கழற்றி அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கேமராவ மாட்டும்போது அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

தங்கமாரியப்பன் இல்லையென்று தலையாட்டினார்.