அரிசி ஏற்றிப் போன ஓடங்கள்

செங்கரை நாட்டு அமைச்சர் இளநாகர் விடிந்ததும் ஆற்றங்கரை மண்டபத்துக்கு வந்தார். கூட வந்த காவலர்களைப் படித்துறையிலேயே நிறுத்திவிட்டார்.

கோதையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயதில் அவரைவிட இளையவள். ஆனாலும் அமைச்சர் பல ஆண்டுகளாக அவளிடம்தான் பாடம் கேட்டுவந்தார்.

"தும்பன் போய்விட்டான், அம்மையே."

அவள் கை நின்றது. ஓடக்காரத் தும்பனை அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அமைச்சருக்குச் சிறுவயதில் நீச்சல் பழக்கியவன் அவன்.

"என்ன ஆயிற்று?"

"அக்கரையில் மாவடி நாடு வெள்ளத்தில் கிடக்கிறது. பயிர் முழுதும் அழிந்துவிட்டது. அவர்களுக்கு அரிசி அனுப்புவோம் என்று அரசரிடம் மன்றாடினேன். ஒருவழியாக இசைந்தார். நேற்று ஓடங்கள் புறப்பட்டன. முதல் ஓடத்தைத் தும்பன் தள்ளினான். நான்தான் அவனைப் போகச் சொன்னேன்."

"பிறகு?"

"நடு ஆற்றைத் தாண்டியதும் அம்பு எய்தார்கள். ஓடங்கள் கவிழ்ந்தன. ஒருவனும் திரும்பவில்லை."

அவர் தூணருகே உட்கார்ந்தார்.

"பசித்தவனுக்குச் சோறு கொண்டுபோனவனைக் கொன்றிருக்கிறார்கள். அவர்கள் என்ன பிறவிகள்?"

கோதையம்மை கீரையை ஒதுக்கி வைத்தாள்.

"மலையூர் நாட்டு ஓடங்கள் நம் துறைக்கு வருமே, அப்போது என்ன செய்வீர்கள்?"

"மேளம் கொட்டி அழைப்போம். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் அல்லவா?"

"அவர்களிடம் வில் இல்லையா?"

"மாவடியாரிடம் இருப்பதைவிட அதிகம்."

"பயமாக இல்லையா?"

"மலையூராரிடம் நமக்கு என்ன பயம்?"

"மாவடியிலிருந்து கடைசியாக ஓடம் வந்தது எப்போது?"

"என் பாட்டனார் காலத்தில். வந்து நம் துறைத் தெருவைக் கொளுத்திவிட்டுப் போனார்கள்."

"நாம் அங்கே போனது?"

"அதற்கு அடுத்த கோடையில். நாமும் கொளுத்தினோம்."

"அதன் பிறகு?"

"யாரும் போகவில்லை. யாரும் வரவில்லை."

"பேச்சு?"

"பேச்சுக்கு என்ன குறை? மாவடியான் வருகிறான் என்றால் இன்றும் அழுகிற பிள்ளை வாயை மூடும்."

அப்போது படித்துறையிலிருந்து குரல் வந்தது.

"ஐயா, அக்கரை ஓடம்."

இருவரும் இறங்கிப் போனார்கள். ஆற்றின்மேல் பனி இன்னும் விலகவில்லை. ஒற்றை ஓடம் வந்துகொண்டிருந்தது. ஒருவன் நின்று கழி ஊன்றினான். ஓடம் நிறைய என்னவோ கிடந்தது. மேலே நீளத்துக்குத் துணி போர்த்தியிருந்தது.

காவலர்கள் நாணேற்றினார்கள்.

"துணிக்கடியில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள், ஐயா" என்றான் காவலர் தலைவன். "நன்றாகத் தெரிகிறது."

"பொறுங்கள்" என்றாள் கோதையம்மை.

அதற்குள் அமைச்சரின் வாய் "அம்பை விடு" என்று சொல்லிவிட்டது.

கழி ஊன்றியவன் மடங்கி விழுந்தான். ஓடம் மெல்லச் சுழன்று, தானாகவே கரையில் வந்து முட்டியது.

காவலர் தலைவன் ஈட்டி முனையால் துணியை விலக்கினான்.

தும்பன் கிடந்தான். அவனை அடுத்து மற்ற ஓடக்காரர்கள். எல்லோரையும் குளிப்பாட்டிப் புதுத்துணி உடுத்தியிருந்தார்கள். நெற்றியில் சந்தனம். வாயில் வாய்க்கரிசி. ஆற்றில் நனைந்து ஊதிப்போன அரிசி.

அமைச்சர் அந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிருந்து போன அரிசி.

"மூட்டைகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்" என்றார். "அரிசிதான் என்று தெரிந்துகொண்டுவிட்டார்கள்."

அம்பு தைத்துக் கிடந்தவன் கிழவன். இடுப்பில் கத்திகூட இல்லை. அவன் உயிரும் போயிருந்தது.

"யார் இவர்? பெயர் என்ன?"

காவலர் தலைவன் குனிந்து பார்த்தான்.

"மாவடியான், ஐயா."

அமைச்சர் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கரையில் பனிக்குள் ஆட்கள் கூடுவதும் ஓடுவதும் நிழலாகத் தெரிந்தன.

"எனக்கு அவர்கள்மேல் வெறுப்பில்லை, அம்மையே. அரிசி அனுப்பியதே நான்தான்."

"தெரியும்."

"தவறிப்போய் நடந்தது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். என்ன சொல்லி அனுப்பட்டும்?"

கோதையம்மை கிழவனின் கண்களை மூடினாள்.

"எதை வேண்டுமானாலும் சொல்லி அனுப்புங்கள், அமைச்சரே. அதுவும் ஓடத்தில்தானே போக வேண்டும்?"