மடத்து வண்டிக்கு இன்னொரு டேங்க்

சிஸ்டர் அன்சிலா கேள்வியோடு வந்தபோது மதர் தெக்லா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மதர், நம்ம வண்டிக்கு எக்ஸ்ட்ரா டேங்க் ஒண்ணு வைக்கணும். எவ்வளவு பெரிசா வைக்கலாம்?"

மதர் ஒரு கொத்தை அவர் பக்கம் தள்ளினார். அன்சிலா உட்கார்ந்து ஆயத் தொடங்கினார்.

அந்தக் கன்னியர் மடத்தில் எல்லாக் கேள்வியும் மதரிடம்தான் வரும். இத்தனைக்கும் வயதில் அன்சிலாதான் மூத்தவர். ஆம்புலன்ஸில் நர்ஸாக இருந்து, பிறகு அதையே ஓட்டப் பழகி, நடுவயதில் துறவுக்கு வந்தவர். மதருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனாலும் வண்டியைப் பற்றிய கேள்வியையும் அன்சிலா அவரிடமே கேட்டார்.

மடத்து வண்டி ஒரு பழைய சின்ன லாரி. சில நாள் அதன் பின்னால் தண்ணீர் டிரெய்லரை மாட்டுவார்கள். வாரத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரி டிரெய்லர். அதற்குள் ஒரு கட்டில், மருந்து அலமாரி, ஊசி மருந்து கெடாமலிருக்க ஒரு ஃபிரிட்ஜ். ராமநாதபுரம் பக்கம், உப்பளங்களைத் தாண்டிக் கடலோரமாக இருக்கும் ஊர்களுக்கு அது போகும். டிரெய்லரை மாட்டினால் வண்டி டீசலைக் குடிக்கும். ஃபிரிட்ஜுக்கான ஜெனரேட்டரும் அதே டேங்கில்தான் வாய் வைக்கும்.

போன மாதம் கடலோர ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொள்ளப் பாதை மாறி வெகுதூரம் போனதில் டீசல் தீர்ந்துவிட்டது. ஒரு டிராக்டர்காரர் கேனில் கொண்டுவந்து ஊற்றும்வரை அவள் கட்டிலில் கிடந்தபடி அன்சிலாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். தாயும் பிள்ளையும் நலம். அன்சிலாவுக்குத்தான் அதற்கப்புறம் சாவியைத் தொட்டாலே உள்ளங்கை வியர்த்தது.

"டேங்க் வந்தா ஓட்டுறேன், மதர். இல்லேன்னா அந்த ரோட்டுக்கு என்னால ஆகாது."

மடத்தில் வேறு யாருக்கும் டிரெய்லர் ஓட்டத் தெரியாது. அன்சிலா ஓட்டாவிட்டால் கடலோர ஊர்களுக்கு ஆஸ்பத்திரி இல்லை. இருவருக்கும் அது தெரியும்.

"சரி. எவ்வளவு பெரிசு வேணும்?" என்றார் மதர்.

"பயம் போற அளவுக்கு."

"அது எத்தனை லிட்டர் வரும்?"

அன்சிலா ஒரு காம்பைக் கிள்ளினார். உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்கும் தெரியல. வாங்க, போய்ப் பாப்போம்," என்றார் மதர்.

பட்டறைக்காரர் முத்திருளாண்டி டேங்குகளைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தார். மதர் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"என்ன மதர், தேங்காயா வாங்க வந்தீக?"

"சத்தம் மாறுதே. இது கணீர்னு கேக்குது. இது அடைச்ச மாதிரி இருக்கு."

"அதுல உள்ள குறுக்குத் தகடு வச்சிருக்கேன். தகடு இல்லேன்னா, டேங்க் பாதி இருக்கப்ப டீசல் அலையடிக்கும். நீங்க வளைவுல திரும்புவீக, அது நேராத்தான் போவேன்னு நிக்கும்."

"எங்க சமையல்கட்டு சிஸ்டர் மாதிரி."

அன்சிலா சிரித்துவிட்டார். அந்த மாதத்தில் மதர் கேட்ட அவருடைய முதல் சிரிப்பு.

மதருக்கு இன்னும் கேட்க இருந்தது. "இதுல இருக்கிற டீசல் பழைய டேங்குக்கு எப்படிப் போகும்?"

"ரெண்டு வழி இருக்கு. டேங்க உசத்தி வச்சா அதுபாட்டுக்கு இறங்கும். இல்லாட்டி ஒரு சின்ன மோட்டார் போட்டு, ஸ்விட்சத் தட்டி ஏத்திக்கிறணும்."

"எது நல்லது?"

"தானா இறங்குறது சுளுவு. ஆனா எப்ப தீந்துச்சுன்னே தெரியாது. ஸ்விட்ச்னா நீங்களாத் தட்டணும். தட்டும்போதே தெரியும், இனி இருக்கிறது இம்புட்டுத்தான்னு."

"ஸ்விட்ச் போதும்," என்றார் அன்சிலா அவசரமாக.

"எங்க வைப்பீங்க?" என்றார் மதர்.

"அதக் கேட்டீகளே, அதுதான் கேள்வி. டிரெய்லர் ஏற்கெனவே வண்டியோட பின்பக்கத்த அமுக்கிக்கிட்டு இருக்கு. டேங்கையும் கடைசில வச்சா வண்டி மூக்கத் தூக்கிரும். ஸ்டீயரிங் காத்துல மிதக்கும். கேபின ஒட்டித்தான் வைக்கணும்."

குறுக்குத் தகடு வைத்ததில் இரண்டு இருந்தன. சின்னதோடு கடைசி ஊர் வரைக்கும் போய்க் கொஞ்சம் மிச்சத்தோடு திரும்பலாம், பாதை மாறிச் சுற்றினால் வழியில் போட வேண்டியிருக்கும் என்றார் முத்திருளாண்டி. "பெரிசு போட்டீகன்னா மடத்துல கிளம்பி மடத்துல வந்துதான் இறங்கணும். நடுவுல எங்கயும் நிக்க வேணாம்."

"எங்கேயும் நிக்க வேண்டாமா?" என்றார் மதர்.

"நிக்கவே வேணாம்."

அன்சிலா பெரியதின் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு முடிவு சொல்லலாமா?" என்று மதர் கேட்டார்.

"மாட்டித் தாரேன். பிடிக்கலேன்னா கழட்டிக்கிட்டாப் போச்சு."

ஆஸ்பத்திரி டிரெய்லர் கிளம்பும் நாளில் மதரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"நீங்க எதுக்கு மதர் இந்த வெயில்ல?"

"நிக்காம போறது எப்படியிருக்கும்னு பாக்கணும்."

கொஞ்ச தூரம் போனதும் மதர் டீசல் முள்ளைக் காட்டினார். "இது பாதிக்கு இறங்கினா என்ன செய்வீங்க?"

"நெஞ்சு அடிச்சுக்கும்."

"பெரிய டேங்குல பாதின்னா நம்ம பழைய டேங்க் நிறையுற அளவு இருக்குமில்ல?"

"அதுக்கு மேலயும் இருக்கும்."

"அப்பவும் அடிச்சுக்குமா?"

அன்சிலா யோசித்துக்கொண்டே ஒரு பள்ளத்தை ஒதுக்கி ஓட்டினார். "அடிச்சுக்கும்னுதான் நினைக்கிறேன்."

"கேட்டு வச்சுக்கிட்டேன்," என்றார் மதர்.

உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. கடலோர ரோட்டுக்கு முன்னால் அதுதான் கடைசி. வாராவாரம் அன்சிலா அங்கேதான் டீசல் போடுவார். டிரெய்லரோடு உள்ளே நுழைந்து திரும்பி வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தண்ணீர் லாரிகள் வரிசையில் நிற்கும். 'ரயிலக் கொண்டாந்துட்டாங்கப்பா' என்பார் பங்க்காரர், எல்லாருக்கும் கேட்கும்படி.

"இன்னைக்கு அந்தத் தலைவலி இல்லை," என்றார் அன்சிலா. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவர் கை உலர்ந்திருந்தது.

பங்க் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் கருவேல மரத்தடியில் சில பெண்கள் நின்றிருந்தார்கள். முழங்கால்வரை உப்புப் பூத்த கால்கள். அன்சிலா அவர்களை எல்லா வாரமும் பார்ப்பதுண்டு. டீசல் ஏறுகிற நேரத்தில் ஒருத்தி வந்து சளிக்கு மருந்து கேட்பாள். இன்னொருத்தி கண்ணைக் காட்டுவாள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்று அவர் நினைத்திருந்தார்.

வண்டி வேகம் குறையவில்லை. பெண்கள் ரோட்டோரத்துக்கு வந்தார்கள். ஒருத்தி கையைத் தூக்கினாள். வண்டி அவர்களைக் கடந்து போயிற்று.

மதர் திரும்பிப் பார்த்தார்.

டிரெய்லரைத் தாண்டிப் பின்னால் தெரிய வேண்டும் என்று வெளியே நீட்டி வைத்த கண்ணாடி அந்த வண்டிக்கு. அதில் ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. பிள்ளையின் தலை குலுங்காமலிருக்க ஒரு கையால் அதைத் தோளோடு அழுத்திக்கொண்டு ஓடினாள். பிறகு நடந்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

அன்சிலா பிரேக்கை மிதித்தார்.

டிரெய்லர் கட்டிய வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. நின்றபோது அந்தப் பெண் வெகு தூரத்தில் ஒரு புள்ளியாக இருந்தாள். அந்தக் குறுகலான ரோட்டில் டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்கவும் முடியாது. மருந்துப் பெட்டியையும் தண்ணீர்க் கேனையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் வெயிலில் நடந்தார்கள்.

"என்ன சிஸ்டர், இன்னைக்கு வண்டிக்குப் பசிக்கலையாக்கும்?" என்றாள் அந்தப் பெண். மூச்சு வாங்கியது. சிரிக்க முயன்றாள், வரவில்லை.

பிள்ளையின் பாதத்தை உப்புக்கட்டி கிழித்திருந்தது. சீழ் வைத்துக் கணுக்கால்வரை வீங்கியிருந்தது. உடம்பு கொதித்தது.

"எப்பலருந்து இப்படி?"

"ரெண்டு மூணு நாளாச்சு. நீங்க வார நாளாச்சேன்னு பொறுத்துக்கிட்டு இருந்தேன்."

"அடுத்த ஊர்லதான் சாயங்காலம் வரைக்கும் இருக்கோம். அங்க வந்திருக்கலாமே?"

"உப்புப் பாத்தியில இறங்கிட்டா பொழுதடையத்தான் ஏற விடுவாக. இது டீ குடிக்க விடுற நேரம். இங்கன்னா ஓடியாந்து காட்டிட்டு ஓடிரலாம். நீங்கதான் எண்ணெ ஊத்த நிப்பீகள்ல."

அன்சிலா மற்றப் பெண்களைப் பார்த்தார். அவர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். "எல்லா வாரமும் எனக்காகவா நிக்கிறீங்க?"

"பின்ன, பங்க்காரரப் பாக்கவா?" என்றாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருத்தி. "அவரு மூஞ்சியப் பாக்க எங்க வீட்டு ஆம்பளைக மூஞ்சியே தேவல."

அன்சிலா ரோட்டோரத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, பிள்ளையின் காலை மடியில் வைத்துக்கொண்டார். மதர் தண்ணீர் ஊற்றினார். சீழை எடுத்தபோது பிள்ளை அலறியது. தாய் அதன் முகத்தைத் தன் கழுத்துக்குள் திருப்பிக்கொண்டாள். தான் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசி போட்டு, கட்டுக் கட்டி, மருந்தைக் கையில் கொடுத்தார் அன்சிலா. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா..." என்று தொடங்கியவர் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ராத்திரிக்குள்ள காய்ச்சல் இறங்கணும். இறங்கலேன்னா விடிஞ்சதும் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடணும். பாத்தி எங்கேயும் போயிடாது."

"சரி சிஸ்டர்."

சளிக்குக் கேட்டவளுக்கும் கண்ணைக் காட்டியவளுக்கும் கொடுத்தாயிற்று. வெற்றிலைக்காரி தூரத்தில் நின்ற வண்டியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கேபினுக்குப் பின்னால புதுசா என்னமோ பெட்டி உக்காந்திருக்கு?"

"டேங்க். டீசல் நிறையப் பிடிக்கும்."

"அப்ப இனிமே இங்க நிக்க வேண்டியதில்ல."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த வருஷம் மழை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு எல்லாரும் உப்பளத்தின் வரப்பில் இறங்கி வேகமாக நடந்தார்கள். டீ குடிக்கும் நேரம் முடிந்திருந்தது. பிள்ளைக்காரி மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த அன்சிலா சாவியைத் திருப்பவில்லை.

"மதர், இதைக் கழட்டிக் கொடுத்துடலாம்."

"ஏன்?"

"பழைய டேங்க் மட்டும் இருந்தாத்தான் இங்க நிப்போம்."

"கடலோர ரோட்டுக்கு?"

"பழைய டேங்கோடயே ஓட்டுறேன்."

"பயம்?"

"இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

மதர் மடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "பின்னால இன்னொருத்தி வலியோட படுத்திருந்தா?"

அன்சிலா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்தார். எதிரே ரோட்டில் கானல் ஓடியது.

"அப்போ நான் என்னதான் செய்யறது? டேங்க் நிறைய இருந்தா இவங்களை விட்டுட்டுப் போறேன். டேங்க் காலியானா அவளை நடுரோட்டுல போட்டுடுறேன். எந்த டேங்க் மதர் வாங்கறது?"

"பெரிசு."

அன்சிலா திரும்பி அவரைப் பார்த்தார்.

"இத்தனை நாளா இங்க வண்டிதான் நின்னுச்சு, சிஸ்டர்," என்றார் மதர். "இன்னைக்கு டேங்க் நிறைய டீசல் இருந்துச்சு. நீங்க நின்னீங்க."