மகாராணிக்கு ஒரு வாசல்

சாமி எல்லாருக்கும் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு, பாலூர்க்குடி அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் வரிசையில் வெகுநேரம் நின்றார்களாம். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் "நீங்க முன்னால போங்க, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்று வழிவிட்டுக்கொண்டே இருந்ததில் இவர்கள் முறை வருவதற்குள் பாத்திரம் காலியாகிவிட்டது. மரியாதை தெரிந்தவர்கள். அதனால்தான் அவர்களைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபமே வருவதில்லை.

மூத்தவர் வைத்திலிங்கம். நடுவிலவர் ஆபத்சகாயம். சின்னவர் குஞ்சிதபாதம். மூன்று பேருக்கும் சேர்த்து யோசிக்கிற வேலை அவர்களுடைய அக்கா தையல்நாயகியுடையது. சமைத்துப் போடுவதும் அவள்தான். சிங்கப்பூரில் இருக்கிற அவள் மகன் போன தடவை லீவில் வந்தபோது, நன்றாக இருந்த மரக்கதவைக் கழற்றிவிட்டு வாசலுக்குக் கண்ணாடிக் கதவு போட்டுவிட்டுப் போயிருந்தான். பிள்ளை ஆசையாகச் செய்ததை அம்மா என்ன சொல்வாள்? தினமும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் மகாராணி என்று ஒரு பூனை. அது கூடத்து மூலையில் ஒரு பழைய கூடைக்குள் குட்டி போட்டிருந்த சமயம், தையல்நாயகி ராமேஸ்வரம் போக வேண்டி வந்தது. கிளம்பும்போது மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னாள்.

"டேய், வாசக்கதவைத் திறந்து போடாதீங்க, தெருநாய் வந்துடும். கண்ணாடியில கைரேகை படக்கூடாது, இப்பதான் துடைச்சேன். மகாராணி போக வர அவளுக்கு ஒரு வழி பண்ணிடுங்க, பச்சைக்குட்டிங்க இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவேன்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். அக்கா படியிறங்கினாள். மகாராணியும் அவளை வழியனுப்பத் தெருவரைக்கும் போனாள். வைத்திலிங்கம் உடனே கதவைச் சாத்திவிட்டார். கை படக்கூடாதே, அதனால் நெற்றியால் முட்டிச் சாத்தினார். மற்ற இருவரும் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஆளுக்கொரு முட்டு முட்டிப் பார்த்தார்கள். கண்ணாடியில் மூன்று உயரத்தில் மூன்று திருநீற்றுப் பட்டை விழுந்தது. கைரேகை ஒன்றுகூட இல்லை.

பூனை திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. வெளியே அது, உள்ளே குட்டிகள், நடுவில் கண்ணாடி. பூனை கத்தியது. குட்டிகளும் பசியில் கத்தின.

"கதவைத் திறந்தா வந்துடும்" என்றார் குஞ்சிதபாதம்.

"திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தானே போனா" என்றார் வைத்திலிங்கம்.

பெரியவர் சொன்னதில் தப்பில்லை. அதனால் குட்டிகளைக் கூடையோடு தூக்கி வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள், அம்மாவைப் பார்த்தாவது பசியாறட்டும் என்று. ஆறவில்லை. பிறகு விளக்குத் திரியைப் பாலில் தோய்த்து வாயில் வைத்தார்கள். கோயிலுக்கு வாங்கி வைத்திருந்த திரி. எடுப்பதற்குச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள். குட்டிகள் திரியைத் துப்பிவிட்டு இன்னும் பலமாகக் கத்தின.

இவர்கள் இப்படித் திண்டாடிக்கொண்டிருக்கையில் மகாராணி கொல்லைப்புறமாகச் சுற்றி, திறந்திருந்த பின்கதவு வழியாக உள்ளே வந்து கூடையில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"எப்படி வந்தா?" என்று கேட்டார் வைத்திலிங்கம்.

"கொல்லை வழியா."

"அது நாம போற வழி. அவளுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னுதான் அக்கா சொன்னா. இந்த வழியில விட்டா சொன்னதைச் செய்யலைன்னு ஆயிடும்."

குஞ்சிதபாதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் அக்கா சொல் அக்கா சொல்தான். மகாராணியைப் பூப்போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவாசலில் விட்டு, "கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்து பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்.

கண்ணாடியில் ஓட்டை போட வேண்டும் என்பது ஆபத்சகாயத்தின் யோசனை. அதற்குக் கடைத்தெருவில் இருக்கிற கண்ணாடிக்காரர் சவரிமுத்துவைக் கூட்டிவர வேண்டும். மூவரும் கொல்லை வழியாக வந்து தெருவில் இறங்கினார்கள். வாசலில் பரிதவித்துக்கொண்டிருந்த மகாராணி அவர்களுக்குக் குறுக்கே ஓடினாள்.

பூனை குறுக்கே போனால் காரியம் நடக்குமா? திரும்பி வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கிளம்பினார்கள். மறுபடியும் குறுக்கே போனாள். மறுபடியும் தண்ணீர். குடத்தில் தண்ணீர் தீர்ந்துபோகும் வரைக்கும் இப்படியே நடந்தது.

"அவளுக்காகத்தானே போறோம். அவளே இப்படிச் சகுனத்தடை பண்ணினா எப்படி?" என்று மனம் நொந்தார் வைத்திலிங்கம்.

"அவளைக் கையில தூக்கிக்கிட்டா எப்படிக் குறுக்கே வருவா?" என்றார் ஆபத்சகாயம்.

அந்த வீட்டில் அன்றைக்கு உருப்படியாகப் பேசப்பட்ட வார்த்தை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மகாராணியை ஒரு மூடி போட்ட கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

சவரிமுத்து பொறுமைசாலி. மாட்டிய கண்ணாடியில் ஓட்டை போட முடியாது, தொட்டால் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும், ஓட்டையோடு புதுக் கண்ணாடி செய்து வாங்கி, அதில் தள்ளினால் திறந்து, விட்டால் மூடிக்கொள்கிற மாதிரி ஒரு சின்னக் கதவு வைக்கலாம் என்று விளக்கமாகச் சொன்னார். பூனைக்குத் தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும், தலை அளவு போதும் என்று அளக்க நூலையும் எடுத்தார்.

மூவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கோபத்தில் முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது உள்ளே வர நினைத்தால் என்ன செய்வாள் என்று கேட்டார் வைத்திலிங்கம். வாலைக் கொடிமரம் மாதிரி நிமிர்த்திக்கொண்டு வருகிற வழக்கம் உண்டே என்றார் குஞ்சிதபாதம். வாயில் எலியைக் கவ்விக்கொண்டு வந்தால் அது குறுக்கேதானே இருக்கும், எலியின் நீளத்தையும் சேர்க்க வேண்டாமா என்றார் ஆபத்சகாயம். சவரிமுத்து எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார். ஓட்டை ஒரு முறத்தின் அளவுக்கு வந்திருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆபத்சகாயத்துக்குத்தான் திடீரென்று அந்த நினைப்பு வந்தது.

"அண்ணே, புது வாசல் வைக்கிறோம். புது வாசல்ல முதல்ல யார் நுழையணும்?"

வைத்திலிங்கத்தின் முகம் மாறிவிட்டது. "பசுமாடு" என்றார்.

கிரகப்பிரவேசத்துக்குப் பசுவை நுழைய விடாமல் மனுஷர்கள் முதலில் நுழைவார்களா? பூனைக்கு மட்டும் வேறு சாஸ்திரமா? பச்சைக்குட்டிகள் இருக்கிற வீட்டில் அப்படி ஏனோதானோவென்று செய்து, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் அக்காவுக்கு யார் பதில் சொல்வது? சவரிமுத்து தன் சர்வீஸில் எந்தப் பூனைக்கதவிலும் மாடு நுழைந்து பார்த்ததில்லை என்று சொல்லிப் பார்த்தார். அதனால்தான் ஊரில் இத்தனை பூனைகள் நிம்மதியில்லாமல் அலைகின்றன என்று வைத்திலிங்கம் வருத்தத்தோடு சொன்னார்.

பக்கத்துத் தெரு கலியமூர்த்தி வீட்டில் பசு இருந்தது. அவரோ, கன்றை விட்டுவிட்டுப் பசு ஒரு அடி நகராது, இரண்டையும் ஒன்றாகத்தான் ஓட்டிப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். பசுவைக் கன்றோடு நிற்கவைத்து, கொம்புக்குக் கொம்பு, கன்றுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், ஈ ஓட்டுகிற வாலுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அளந்துகொண்டு மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே மூவரும் சவரிமுத்துவின் முன்னால் நின்றார்கள். மகாராணியும் கூடையில் வந்திருந்தாள். ராத்திரி முழுக்கக் கத்தியதில் அவளுக்குக் குரல் கம்மியிருந்தது. வீட்டில் குட்டிகளுக்குக் குரலே எழும்பவில்லை.

சவரிமுத்து அளவைப் பார்த்தார். கூடைக்குள் பூனையையும் பார்த்தார். அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"அண்ணே, உங்க ஓட்டை உங்க கதவைவிடப் பெரிசா இருக்கு. பேசாம அந்தக் கண்ணாடியைக் கழட்டிக் கீழ வச்சிடுங்க. அப்புறம் இருக்கிறது முழுக்க ஓட்டைதான்."

எரிச்சலில் சொன்ன பேச்சு அது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குஞ்சிதபாதம் சவரிமுத்துவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இவ்வளவு தெரிந்த மனுஷர் இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார் ஆபத்சகாயம்.

இவர்களே கழற்றினால் கண்ணாடி மிஞ்சாது என்று பயந்து, சவரிமுத்துவே ஆளோடு வந்து கதவைக் கழற்றித் தன் கடையில் பத்திரமாக வைத்தார். அக்கா வந்ததும் சொல்லி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

வாசல் பளிச்சென்று இருந்தது. இத்தனை அழகான ஓட்டையை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. குட்டிகளின் கூடையைப் பழையபடி கூடத்து மூலைக்கு நகர்த்திவிட்டு மாவிலைத் தோரணம் கட்டினார்கள். நாய் வந்துவிடக் கூடாதே என்று வைத்திலிங்கம் ஒரு அட்டையில் கரிக்கட்டியால் "பூனைக்கு மட்டும்" என்று எழுதித் தொங்கவிட்டார். தெருநாய் வந்தது. அட்டைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. பிறகு படியோரமாகப் படுத்துக்கொண்டது. நல்ல குடும்பத்து நாய் போலிருக்கிறது என்றார்கள்.

பிற்பகலில் நல்ல நேரம் பார்த்து, கலியமூர்த்தி பசுவையும் கன்றையும் ஓட்டிவந்தார். குஞ்சிதபாதம் மகாராணியைக் கூடையிலிருந்து இறக்கி, "அடுத்தது நீதான்" என்று வாசலுக்கு எதிரே நிறுத்தினார். பசுவுக்குச் சூடம் காட்டினார்கள். பசு உள்ளே போயிற்று. தோரணத்தைத் தின்றுகொண்டேதான் போயிற்று. கன்று கூடத்தில் துள்ளியதில் குத்துவிளக்கு சாய்ந்தது. பசு கூடத்தின் நடுவில் ஆசீர்வாதம் பண்ணி வைத்தது. மூவரும் பரவசமாக அதை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மகாராணி அத்தனை பெரிய மாட்டைத் தன் வீட்டுக்குள் பார்த்ததும் மிரண்டு ஒரே ஓட்டமாகக் கொல்லைப்பக்கம் போனாள். காலையில் அவசரத்தில் கிளம்பியவர்கள் பின்கதவைச் சாத்த மறந்திருந்தார்கள். அந்த மறதி யார் அருளோ. மாட்டை வெளியே ஓட்டிவிட்டு இவர்கள் திரும்பிப் பார்த்தபோது கூடைக்குள் மகாராணி ஒருக்களித்துப் படுத்திருக்க, குட்டிகள் கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தன.

"பார்த்தீங்களா, முறைப்படி செஞ்சதும் எப்படி வந்துட்டா" என்றார் வைத்திலிங்கம். மூவருக்கும் கண்ணில் நீர்.

சாயங்காலம் தையல்நாயகி தீர்த்தக் குடத்தோடு வந்து சேர்ந்தாள். வாசலைப் பார்த்தாள்.

"கதவு எங்கடா?"

தம்பிகள் பெருமையாக எல்லாவற்றையும் ஒப்பித்தார்கள். கதவு திறந்து கிடக்கிறதா? கிடையாது, கதவே கிடையாது. கண்ணாடியில் கைரேகை இருக்கிறதா? எங்கே வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். மகாராணிக்கு வழி ஆயிற்றா? இதோ ஆகியிருக்கிறது. அவள் படியேறினாள். மூன்று பேரும் கையைக் குறுக்கே நீட்டினார்கள்.

"அக்கா, இது பூனை வாசல். நாம கொல்லை வழியா வரணும்."

படியோரத்தில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. பயணக் களைப்பு அவளுக்கு. சிவசிவா என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போனாள். அக்காவின் குரல் கேட்ட மகாராணி கூடையை விட்டு எழுந்து, பின்கதவு வழியாக ஓடிப்போய் அவள் காலைச் சுற்றி, பின்கதவு வழியாகவே கூடவே உள்ளே வந்தாள்.

தம்பிகள் மூவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"இவ்வளவு பெரிய வாசல் இருக்கு, எழுதியும் போட்டிருக்கு. ஏன் இப்படிச் சுத்தி வர்றா?" என்றார் ஆபத்சகாயம்.

வைத்திலிங்கம் வெகுநேரம் யோசித்தார். பிறகு தாழ்ந்த குரலில், "பாவம், அவளுக்குப் படிக்கத் தெரியாது" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையே நாள் நன்றாக இருந்தது. பித்தளைத் தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, மகாராணியின் வலது முன்னங்காலைப் பிடித்து 'அ' எழுத வைத்தார்கள். நாய் மட்டும் வரவில்லை. அது ஏற்கெனவே படித்ததுதானே.