வகர வரிசையில் வேலாயுதம்

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு நாற்பத்து நான்கு. இப்படியும் உண்டா என்று கேட்காதீர்கள். நம் பல்கலைக்கழகங்களில் இதைவிட வேடிக்கையெல்லாம் உண்டு.

சீடர் பெயர் தர்மக்கண். ஒரு கல்லூரியில் இருபத்தேழு வருஷமாகச் சமூகவியல் நடத்துகிறவர். ஓய்வு பெறுவதற்குள் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பதிவு செய்து எட்டு வருஷம் ஓடிவிட்டது. அவருடைய நெறியாளர் முனைவர் வே. முத்துப்பேச்சி. அந்த அம்மாள் இவரை 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார். குரு சிஷ்ய மரியாதை அந்த அளவோடு சரி.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு அன்றைக்குத்தான் கடைசி நாள். மாலை நான்கு மணிக்கு அலுவலக ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் பதிவு ரத்து, எட்டு வருஷமும் போச்சு. நீட்டிப்பு கேட்டுக் கேட்டு, இனி கேட்பதற்கு முகம் இல்லை.

காலை ஒன்பதரைக்குத் துறையின் கணினி முன்னால் உட்கார்ந்தார். பாக்கி வேலை ஒன்றே ஒன்று. படித்த நூல்கள், கட்டுரைகள் எல்லாவற்றையும் ஒரு மென்பொருளில் ஏற்றி வைத்திருந்தார். ஒரு பொத்தானை அமுக்கினால் துணைநூற்பட்டியலை அதுவே அகரவரிசையில் அடுக்கிக் கொடுத்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அமுக்கினார்.

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

'அ'வில் இருக்க வேண்டிய அன்னத்தாய் 'ச'வில் கிடந்தார். 'ப'வில் இருக்க வேண்டிய பரமார்த்தலிங்கம் 'க'வுக்குப் போயிருந்தார். சிலர் பேரே இல்லாமல் வெறும் ஒற்றை எழுத்தாக நின்றார்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருந்தார். தர்மக்கண் மறுபடியும் அமுக்கினார். மறுபடியும் அதே கூத்து. எழுந்து நெறியாளர் அறைக்கு ஓடினார்.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கீங்க?"

"மேடம், பட்டியல் மொத்தமும் கலைஞ்சு போச்சு! யாரும் அவங்கவங்க இடத்துல இல்ல."

"உக்காருங்க. உங்க பேரு என்ன?"

எட்டு வருஷம் கழித்து இப்படி ஒரு கேள்வி. தர்மக்கண் முழித்தார்.

"என்ன மேடம் இது, விளையாடுறீங்களா?"

"சொல்லுங்க சார்."

"தர்மக்கண்."

"அப்பா பேரு?"

"பொன்னுமாடன்."

"கடைத்தெருவுல ஒருத்தர் 'பொன்னுமாடா'ன்னு கூப்பிட்டா திரும்பிப் பாப்பீங்களா?"

"எங்கப்பாவை எவன்டா பேர் சொல்லிக் கூப்பிடுறான்னு பாப்பேன்."

"அவ்வளவுதான் விஷயம்."

தர்மக்கண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது. மென்பொருள் செய்தவர்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு. அது கடைசியில் வரும், அதை வைத்துத்தான் அடுக்குவார்கள். நம்மூரில் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயர்தான் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும். வெளியூர் ஏடுகளுக்கு எழுதும்போது அதுவே முழுசாகப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். மென்பொருளுக்கு என்ன தெரியும்? கடைசியில் எது கிடந்ததோ அதை ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, ஆளின் சொந்தப் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டது. பிள்ளைகள் எழுதியதையெல்லாம் தூக்கி அப்பாக்களிடம் கொடுத்துவிட்டது.

"அப்போ இதை எப்படி மேடம் சரி பண்றது?"

"ஒவ்வொருத்தரா எடுங்க. யார் எழுதினதுன்னு பாருங்க. அவங்களை அவங்க இடத்துல வைங்க."

"எழுபத்தொரு பேர் மேடம்! நாலு மணிக்குள்ள..."

"இப்போ ஒன்பதே முக்கால்தானே ஆகுது."

"மென்பொருள்லயே ஏதாவது குறுக்கு வழி..."

"அது உங்களைக் கேட்டுச்சு சார். இவரோட பேரு எதுன்னு கட்டம் போட்டுக் கேட்டுச்சு. நீங்கதான் இணையத்துலேருந்து அப்படியே இறக்கிட்டுப் பாக்காம விட்டீங்க. திரையைப் பாக்காதீங்க. நூலகத்துக்குப் போய் ஒவ்வொண்ணா எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்க."

மேசைமேல் நெறியாளர் சான்றிதழ் கிடந்தது. அதில் அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். தர்மக்கண் அதையே பார்த்தார். முத்துப்பேச்சி அதன்மேல் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து வைத்தார்.

"முதல்ல பட்டியல் சரியாகட்டும்."

வாய்க்குள் என்னென்னவோ முணுமுணுத்துக்கொண்டு தர்மக்கண் பக்கத்திலேயே இருந்த துறை நூலகத்துக்குப் போனார். பரணிலும் அலமாரியிலும் இருந்த நூல்களை இறக்கினார். தும்மினார். முதல் பக்கத்தைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டு கணினிக்கு வந்து திருத்தினார். மறுபடி போனார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது. அன்னத்தாய் 'அ'வுக்கு வந்தார். பரமார்த்தலிங்கம் 'ப'வுக்கு வந்தார். ஒன்றே முக்கால் மணிக்கு எழுபது பேர் முடிந்தது.

பாக்கி ஒருவர். 'வேலாயுதம், மு. (2004).'

அந்தப் பெயரைப் பார்த்ததும் தர்மக்கண்ணுக்கு ஒரு உற்சாகம் வந்தது. வேலாயுதம் அவருடைய ஜென்மப் பகை. ஆளை நேரில் பார்த்ததில்லை. ஆனால் மூன்றாம் இயல் முழுக்க அவரைத்தான் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்.

வேலாயுதம் தன் கட்டுரையில், உப்பளத்துப் பெண்கள் ரப்பர் பூட்ஸ் போடாமல் காலைப் புண்ணாக்கிக்கொள்வதற்கு அவர்களுடைய அறியாமைதான் காரணம் என்று எழுதியிருந்தார். தர்மக்கண் பதினாலு மாசம் உப்புப் பாத்திகளில் நடந்தவர். பூட்ஸ் போட்டு மிதித்தால் பாத்தியின் தரை கலங்கி உப்பு அழுக்காகிவிடும் என்று கங்காணிதான் போட விடுவதில்லை. இதை அங்கே எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். அந்த ஆத்திரத்தில் ஒரு வரி எழுதினார்:

'வேலாயுதம் உப்பளத்துக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை என்பது இக்கட்டுரையின் ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது.'

எழுதிய அன்றைக்கே வீட்டில் மனைவியிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். "பாவம், அந்த மனுஷன்" என்றாள் அவள்.

அதற்கு அடுத்த வரி இது: 'வேலாயுதத்துக்குச் சரியான பதில் முத்துப்பேச்சியின் நூலில் (2013) உள்ளது.' நெறியாளரின் நூல்தான். பூட்ஸ் விஷயத்தை முதலில் வெளியே கொண்டுவந்தது அது. கொஞ்சம் ஐஸ் வைத்தமாதிரியும் ஆச்சு, உண்மையும் அதுதான்.

அந்தப் பத்திக்குப் பக்கத்தில் முத்துப்பேச்சி பச்சை மையில் ஒவ்வொரு தடவையும் ஒரே குறிப்பு எழுதுவார். 'வாதம் சரி. பெயரைச் சரிபார்க்கவும்.' மூன்று வரைவுகளிலும் அதேதான். மூன்று தடவையும் தர்மக்கண் திரையைப் பார்த்தார். அங்கேயும் வேலாயுதம், இங்கேயும் வேலாயுதம். சரி என்று விட்டுவிட்டார். கையிலிருந்த ஜெராக்ஸில் முதல் பக்கம் இல்லை. யாரோ எடுத்ததிலிருந்து எடுத்த ஜெராக்ஸ் அது.

நூலகத்தின் கீழ்த்தட்டில் அந்த வருஷத்து ஏடுகளைச் சேர்த்துக் கட்டிய தொகுதி இருந்தது. தரையில் உட்கார்ந்து இழுத்தார். கட்டுரையைத் தேடிப் பிடித்து முதல் பக்கத்தைத் திறந்தார்.

தலைப்புக்குக் கீழே அச்சாகியிருந்தது: முத்துப்பேச்சி வேலாயுதம், ஆய்வு மாணவி.

தர்மக்கண் அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். கையிலிருந்த தொகுதி நழுவி மடியில் விழுந்தது. ஐயையோ! எட்டு வருஷமாக 'வே. முத்துப்பேச்சி' என்று தினமும் எழுதுகிறார். அந்த 'வே' எது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. நம்மில் யார் கேட்கிறோம்?

எப்படியோ எழுந்து கணினிக்கு வந்தார். பதிவைத் திருத்தினார். வேலாயுதம் 'வ'விலிருந்து மறைந்து, மேலே 'ம'வில், முத்துப்பேச்சியின் 2013 நூலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். ஆய்வேட்டுக்குள்ளே அடைப்புக்குறிகளில் இருந்த பெயர்களையெல்லாம் மென்பொருளே மாற்றிவிட்டது. ஆனால் அந்த இரண்டு வரிகளும் அவர் கையால் தட்டியவை. அவர்தான் மாற்ற வேண்டும். தட்டினார்.

'முத்துப்பேச்சி உப்பளத்துக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை...'

'முத்துப்பேச்சிக்குச் சரியான பதில் முத்துப்பேச்சியின் நூலில்...'

அவருக்குக் குப்பென்று வியர்த்தது. இதைத்தானே அந்த அம்மாள் மூன்று தடவை படித்தார்? படித்துவிட்டு எதிரில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாரே! தட்டியதை அவசரமாக அழித்தார். வேலாயுதத்தையே திரும்பப் போட்டார். பட்டியலிலும் 'வ'வுக்கே அனுப்பிவிட்டார்.

பிறகு தொகுதியை எடுத்துக்கொண்டு நெறியாளர் அறைக்குப் போனார்.

"முடிஞ்சுதா சார்?"

"எழுபது முடிஞ்சுது மேடம்."

"எழுபத்தொண்ணு இல்லையா?"

தர்மக்கண் தொகுதியை மேசைமேல் வைத்தார். முத்துப்பேச்சி அட்டையைப் பார்த்தார்.

"பாத்துட்டீங்களா?"

"நீங்களா மேடம் இது?"

"நான்தான்."

"எட்டு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே மேடம்!"

"சொல்லியிருந்தா அந்த வரியை எழுதியிருப்பீங்களா?"

"சத்தியமா எழுதியிருக்க மாட்டேன்."

"நல்ல வரி சார் அது. அதான் பேரை மட்டும் பாக்கச் சொன்னேன்."

தர்மக்கண்ணுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"அந்தப் பத்தியையே எடுத்துடுறேன் மேடம்."

"ஏன், தப்பா எழுதியிருக்கீங்களா?"

"தப்பு இல்ல. ஆனா..."

"அப்போ எதுக்கு எடுக்கணும்?"

"அப்போ ஒண்ணே ஒண்ணு கேக்கேன். பேரை மட்டும் அப்படியே விட்டுடறேன். வேலாயுதமாவே இருக்கட்டும், 'வ'வுலேயே கிடக்கட்டும். நீங்கதான்னு ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா, சொந்த மாணவனே கிழிச்சிருக்கான்னு தேர்வாளருங்க உங்களைப் பாத்துச் சிரிப்பாங்க. என்னால தாங்க முடியாது மேடம்."

முத்துப்பேச்சி கண்ணாடிக் கூட்டை நகர்த்தினார். சான்றிதழை எடுத்தார். பச்சைப் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் தள்ளினார்.

"இந்தாங்க. இனி நீங்க பேரை மாத்தினாலும் மாத்தாட்டியும் நாலு மணிக்குக் குடுத்துடலாம். கையெழுத்துக்குப் பயந்து மாத்த வேண்டாம்."

தர்மக்கண் அதைத் தொடவில்லை.

"அந்தக் கட்டுரையை எழுதினப்ப என்ன நடந்துச்சு மேடம்?"

"கூடப் படிக்கிற அஞ்சாறு பேரோட உப்பளத்துக்குப் போயிருந்தேன். கங்காணி ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கிட்டேன். பாத்தி முப்பதடி தூரம்தான். இறங்கல."

"ஏன்?"

"அங்க எங்கப்பா உப்பு வாரிக்கிட்டு நின்னார். என்னைப் பாத்துக் கையைத் தூக்கினார். கூட வந்தவங்களுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு நான் நோட்டுக்குள்ள தலையைக் கவுத்துக்கிட்டேன்."

தர்மக்கண் மேசைமேல் இருந்த தொகுதியைப் பார்த்தார்.

"அப்பான்னா... வேலாயுதம்..."

"முப்பத்தொரு வருஷம் அதே பாத்தியில."

முத்துப்பேச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே முக்கால். சான்றிதழை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"வேலாயுதம் உப்பளத்துக்குள்ள காலெடுத்து வச்சதே இல்லைன்னு எழுதி வச்சிருக்கீங்களே சார்" என்றார். "அவர் அதுலேருந்து காலை வெளிய எடுத்ததே இல்லை. போய் மாத்திட்டு வாங்க."