வாங்க என்று சொல்லாத வாசல்

கரூரில் ஒரு சாவு விழுந்தால், ஒரு காலத்தில் ஜனங்கள் முதலில் ஓடுவது பரஞ்சோதி கடைக்குத்தான். ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, அமரர் ஊர்தி எல்லாம் அவரிடம் உண்டு.

இப்போதும் சாவுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, கூப்பிடத்தான் ஆளில்லை. பெற்றவர்கள் இங்கே கிடக்க, பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்துகொண்டு போனிலேயே தேடி, எவனையோ பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். பரஞ்சோதியின் பெட்டி ஷெட்டில் தூசி படிந்து கிடந்தது. அன்று சாயங்காலம் நாமக்கல்காரர் ஒருவர் வந்து அதை விலைக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. பெட்டி போனால் தொழில் போச்சு. ஐம்பதைத் தாண்டிய வயசில் வேறென்ன செய்து பிழைப்பது?

மத்தியானம் அரசி டீச்சர் வீட்டுப் படியேறினார். மாடி அறையில் வெப்சைட் போடக் கற்றுக்கொடுக்கிற டீச்சர். முழுப்பேர் மங்கையர்க்கரசி. பரஞ்சோதியின் மகள் வயசுதான் இருக்கும். இருந்தால் என்ன, சொல்லிக்கொடுக்கிறவர் குரு. கொஞ்ச நாளாக அங்கே வந்து அவரும் மவுஸ் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

சுவரில் டீச்சருடைய தம்பியின் படம், சந்தன மாலையோடு. போன சித்திரைக் கடைசியில் தவறினவன். அந்தச் சாவுக்கு ஈரோட்டிலிருந்து பெட்டி வந்து இறங்கியதைப் பரஞ்சோதி தெருமுனையில் நின்று பார்த்திருந்தார். அவருடைய ஷெட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் ரெண்டே தெரு! அந்த ஆற்றாமை இன்னும் ஆறவில்லை. ஆனால் இதுவரை வாய்விட்டுக் கேட்டதில்லை.

"டீச்சர், ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்கண்ணா."

"என் கடைக்கு அக்கா மகன் ஒரு சைட் போட்டுக் குடுத்திருக்கான். தேடினா முதல்ல அதுதான் வருது. ஆனா ஒரு பய கூப்பிடறதில்ல. சைட்டுன்னு ஒண்ணு இருந்தாப் பத்தாதுங்களா? அது நல்லா வேற இருக்கணுமா?"

டீச்சர் தன் போனை எடுத்து நீட்டினார். "உங்க சைட்டைத் திறங்க."

பரஞ்சோதி திறந்தார். திரை முழுக்க ரோஜா இதழ் கொட்டியது. நடுவில் பட்டுச் சட்டையோடு பரஞ்சோதி, கைகூப்பிக்கொண்டு. விரல் பட்டதுதான் தாமதம், நாதஸ்வரம் பிளந்துகட்டியது. மருமகனுக்குக் கல்யாண மண்டபங்களுக்கு சைட் போட்டுத்தான் பழக்கம். அதே சட்டையை மாமனுக்கும் மாட்டிவிட்டிருந்தான்.

டீச்சர் சட்டென்று கையை நீட்டிச் சத்தத்தை அமர்த்தினார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"என்னாச்சுங்க டீச்சர்?"

"ஒண்ணுமில்ல. கண்ணாடியைக் கழட்டுங்க."

"கழட்டினா எதிர்ல எருமை நின்னாக்கூட எனக்குத் தெரியாதுங்களே."

"கழட்டுங்க. இப்ப இதுலிருந்து உங்க கடைக்குப் போன் பண்ணுங்க."

கழட்டினார். திரையில் சிவப்பாக என்னமோ மிதந்தது. ஒரு இடத்தைத் தொட்டார், அவர் படம் பெரிசானது. இன்னொரு இடத்தைத் தொட்டார், கடையின் வரலாறு திறந்துகொண்டது. தள்ளினார், தடவினார், கை வேர்த்தது. மறுபடியும் நாதஸ்வரம் கிளம்பியது.

"என்ன எழவுடா இது!" என்று வாய்விட்டே திட்டினார். "என் கடை, என் நம்பர், எனக்கே ஆப்டலீங்களே."

"அழுதுட்டு இருக்கிறவங்க கண்ணுக்கும் இவ்வளவுதாங்கண்ணா தெரியும்."

பரஞ்சோதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

டீச்சர் கேட்டார். "பெட்டி கொண்டுபோய் இறக்கறீங்க. அந்த வீட்டு வாசல்ல உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இழவு வீட்ல வாங்கன்னு கூப்பிடக் கூடாதுங்களே. திரும்பறப்ப நாமளும் போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது. பேசாம நடையைக் கட்டணும். பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே இது."

"உங்க வாசல்ல என்ன எழுதியிருக்கு?"

குனிந்து போன் திரையைப் பார்த்தார். இதழ்களுக்கு மேலே தங்க எழுத்தில், 'வருக! வருக!' அடியில், நம்பருக்கும் கீழே, 'நன்றி. மீண்டும் வருக!'

இத்தனை வருஷத்தில் ஒரு சாவு வீட்டிலும் வாய் தவறி ஒரு வார்த்தை விடாத மனுஷன் அவர். காது மடல் சுட்டது.

"அடப்பாவி," என்றார். மருமகனைச் சொன்னாரா, தன்னையே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

"அழிங்க."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் கையாலேயே அழித்தார். இதழ் போனது. நாதஸ்வரம் போனது. தன் படத்துக்கு வந்ததும் கை நின்றது.

"இது மட்டும் இருக்கட்டுங்களே. மூஞ்சி தெரிஞ்சாத்தானே ஒரு நம்பிக்கை?"

"பட்டுச் சட்டையிலயா?"

அதையும் அழித்தார்.

"கூப்பிடறவங்க முதல்ல என்ன கேப்பாங்க?"

"எவ்வளவு நேரத்துல வருவீங்கன்னு."

"நம்பரை மேல பெரிசாப் போடுங்க. அதுக்குக் கீழ இதை எழுதுங்க. அப்புறம்?"

"கரன்ட் போனா என்ன பண்றதும்பாங்க. நம்மகிட்ட ஜெனரேட்டர் இருக்குதுங்க."

"எழுதுங்க. அப்புறம்?"

"அப்புறம் எதுவும் கேக்க மாட்டாங்க. அழுவாங்க."

"அத்தோட நிறுத்திக்குங்க."

வெள்ளைத் திரையில் கறுப்பாக ஒரு நம்பரும் நாலு வரியும் நின்றன. "மொட்டையா இருக்குதுங்களே," என்றார் பரஞ்சோதி.

டீச்சர் மறுபடி போனை நீட்டினார். அவர் சொல்லாமலே பரஞ்சோதி கண்ணாடியைக் கழட்டினார். மங்கலாகத் தெரிந்த கறுப்பைத் தொட்டார். அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது.

அடித்து நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதே போனில் நாமக்கல்காரரைக் கூப்பிட்டு, "இன்னிக்கு வராதீங்க, பெட்டி குடுக்கறதா இல்ல," என்று சொல்லி வைத்தார். மனசு லேசாக இருந்தது. கிளம்பி வாசற்படி வரை வந்தார். அந்த லேசில்தான் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"டீச்சர், தப்பா நினைக்கக் கூடாது. தம்பிக்கு ஏனுங்க என்னைக் கூப்பிடல? ரெண்டு தெருவுதானே?"

டீச்சர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்.

"அப்ப நாங்க இந்த ஊருக்குப் புதுசுங்கண்ணா. ஒருத்தரையும் தெரியாது. விடிகாலைல அவன் உயிர் போயிடுச்சு. சென்னைல வேலையா இருந்த நான், சேதி கேட்டு பஸ் ஏறி உக்காந்திருந்தேன். நீ வந்து பாக்கற வரைக்கும் அவனை வச்சிருக்கணும், பெட்டிக்குச் சொல்லுடின்னு அம்மா போன்ல அழுதாங்க. தேடினேன். உங்களுதுதான் முதல்ல வந்துச்சு."

பரஞ்சோதி வாசற்படியில் நின்றார்.

"நாதஸ்வரம் வாசிச்சுது. பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. எனக்கு நிறுத்தத் தெரியல. வருக வருகன்னு இருந்துச்சு. மூடிட்டு அடுத்ததைத் தொட்டேன். நம்பர் கண்ணுக்குத் தெரிஞ்சுது, கூப்பிட்டுட்டேன். ஈரோடுன்னுகூடப் பாக்கல."

"அவங்க பெட்டி..."

"அவங்க வண்டி வேற சாவுக்குப் போயிருந்துச்சாம். வந்து சேர உச்சிப்பொழுது சாஞ்சிடுச்சு. அக்கினி நட்சத்திர வெயிலுங்கண்ணா. நான் வந்தப்ப அவன் முகத்தை மூடி வச்சிருந்தாங்க. திறக்காதடின்னுட்டாங்க அம்மா."

பரஞ்சோதி, போயிட்டு வரேன் என்று சொல்லாமல் படியிறங்கினார்.