எதிர்ப்பக்கம் உட்கார்ந்த கரடி

மூங்கில்காட்டில் கம்பளியார் என்ற கரடி தேன்கடை நடத்தி வந்தார். அவருக்கு அவசரமாக ஒரு ஆள் தேவைப்பட்டது. உச்சிக் கிளைகளில் தேனடைகள் கனத்துத் தொங்கின. மழை வருவதற்குள் அவற்றை இறக்கியாக வேண்டும். கம்பளியாரே ஏறினால் தேனோடு கிளையும் இறங்கிவிடும். உடம்பு அப்படி.

மரநாய் பூவன் வேலை கேட்டு வந்தான். ஈர்க்குச்சி போன்ற கிளையிலும் ஓடக்கூடியவன். பொந்தில் அவனுடைய குட்டிகள் பசியோடு இருந்தன.

கம்பளியார் எடுத்ததுமே கேட்டார். "சிறைக்குப் போயிருக்கிறாயா?"

"போயிருக்கிறேன் ஐயா. யானையாரின் கிடங்கில் பலாப்பழம் திருடினேன். அதற்காகப் பாறைக்குகையில் அடைபட்டுக் கிடந்தேன். ஆனால் அதற்குப் பிறகு..."

"போதும், போய் வா."

"மீதியையும் கேளுங்களேன்."

"கேட்க என்ன இருக்கிறது? அடுத்த ஆள்!" என்றார் கம்பளியார் கம்பீரமாக. அடுத்த ஆள் என்று யாரும் இல்லை. பூவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

காட்டில் எல்லா முதலாளிகளும் இப்படித்தான். ஒரு பக்கம் வேலை முடங்கிக் கிடந்தது. இன்னொரு பக்கம் வேலை செய்யத் தெரிந்தவர்கள் பட்டினி கிடந்தார்கள். இந்தக் கூத்தைப் பார்த்துச் சலித்த சிங்கராசா, முதலாளிகள் அனைவரும் மைனா டீச்சரிடம் ஒரு நாள் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

"எங்களுக்கே பயிற்சியா?" என்று முனகிக்கொண்டே எல்லோரும் ஏரிக்கரையில் கூடினார்கள்.

மைனா டீச்சர் சொன்னார்: "பேச்செல்லாம் வேண்டாம். ஒரு நேர்காணல் நடத்திப் பார்ப்போம். மந்தியம்மா, நீங்கள் முதலாளி. கம்பளியாரே, நீங்கள் சிறையிலிருந்து வந்தவர். அவரிடம் வேலை கேளுங்கள்."

"நானா, சிறையிலிருந்தா?"

"சும்மா விளையாட்டுக்குத்தான்."

கம்பளியார் இளித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். மந்தியம்மா வாழைத்தோப்பு வைத்திருப்பவர். அவருக்கு இது பழகிய வேலை.

"சிறைக்குப் போயிருக்கிறாயா?"

"ஆமாம்."

"போய் வா."

கம்பளியாரின் இளிப்பு நின்றது. "அவ்வளவுதானா? எனக்குக் குழி தோண்டத் தெரியும் அம்மா. வாழைக்கன்று நட..."

"அதை நான் கேட்கவில்லையே."

"எப்போதோ செய்த தப்பு அம்மா. அதற்குப் பிறகு நான் யார் பொருளையும் தொட்டதில்லை. ஒரு தடவை என்னைக் கேட்டுப் பாருங்களேன்!"

கம்பளியாரின் குரல் உடைந்துவிட்டது. அவர் சிறை வாசலை மிதித்ததே கிடையாது. செய்யாத திருட்டுக்காக ஒரு கரடி மூக்கைச் சிந்தி அழுவதைக் காடு அன்றுதான் பார்த்தது.

"எந்தக் கேள்விக்காக ஏங்கினீர்கள்?" என்று மைனா மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டிருக்கலாம்."

"அப்படியானால் அதையே முதலில் கேளுங்கள். பழைய தப்பைக் கடைசியில் கேளுங்கள். அது என்ன, எப்போது நடந்தது, அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார், இந்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று பாருங்கள். பதிலைப் பாதியில் வெட்டாதீர்கள். இவ்வளவுதான் பாடம்."

கம்பளியார் நேராகப் பூவனின் பொந்துக்கு ஓடினார்.

"பூவா, உனக்கு என்ன வேலை தெரியும்?"

பூவன் திகைத்துப் போனான். "மரம் ஏறுவேன் ஐயா."

"ஏறு, பார்க்கலாம்."

கம்பளியார் கண்ணை மூடித் திறப்பதற்குள் அவன் உச்சிக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டான்.

"பலே! இப்போது அந்தப் பலாப்பழ விஷயத்தைச் சொல். முழுசாகச் சொல்."

"வாசனைக்கு மயங்கித் திருடினேன். தப்புதான். வெளியே வந்ததும் யானையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கிடங்குக்கு நானே கூரை வேய்ந்து கொடுத்தேன். அவரிடமே விசாரித்துப் பாருங்கள்."

கம்பளியார் விசாரித்தார். "கூரை ஒழுகவில்லை. கிடங்கில் ஒரு பழமும் குறையவில்லை" என்றார் யானையார்.

கம்பளியார் திரும்பி வந்தார். "நாளையிலிருந்து வேலைக்கு வா. ஆனால் தேன் அறையின் சாவியை உன்னிடம் தரமாட்டேன்."

பூவனின் முகம் வாடியது. "என் பழைய தப்புக்காகவா ஐயா?"

"அட, இல்லையப்பா! புதிதாகச் சேரும் யாருக்கும் முதல் வருடம் சாவி கிடையாது. போன மாதம் சேர்ந்த முயலுக்கும் இல்லை. உனக்கும் அதே விதிதான்."

"எல்லோருக்கும் உள்ள அதே விதியா?"

"அதேதான்."

பூவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொந்துக்குள் பாய்ந்தான். "குட்டிகளா, வேலை கிடைத்துவிட்டது! எனக்குச் சாவி கிடையாதாம்! யாருக்குமே கிடையாதாம்!" என்று குதித்துக் குதித்து ஆடினான். குட்டிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா ஆடியதால் அவையும் ஆடின. வாசலில் நின்ற கம்பளியாரும் சேர்ந்து ஆட, மரமே குலுங்கியது.

தண்டனையை அனுபவித்துத் திருந்தியவரின் கதையை முழுசாகக் கேட்டு, எல்லோருக்கும் உள்ள அதே விதியை அவருக்கும் வைப்பதே நியாயம்.